விற்பவர் ஏன் பணம் அனுப்ப வேண்டும்?

இணையத்தில் முதன்முறையாகப் பொருள் விற்க முனைந்தவர்கள் காவிரிப் படுகை மாவட்டங்களிலிருந்து அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் வீட்டுப் பழைய ஃபிரிட்ஜை விற்பதற்காகப் படத்துடன் விளம்பரம் போட்டேன். சற்று நேரத்திலேயே ஒருவர் அழைத்தார். தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் பணிபுரிவதாகச் சொல்லி, சீருடையில் இருக்கும் படத்தையும் அடையாள அட்டையையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். நான் கேட்ட 7,500 ரூபாய்க்கு மறுபேச்சின்றிச் சம்மதித்து, "இந்த க்யூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்யுங்கள் அக்கா, பணம் உங்கள் கணக்குக்கு வந்துவிடும்" என்றார். கல்லூரியில் படிக்கும் என் மகள் தடுத்துவிட்டாள். நாட்டுக்காக உழைப்பவரைச் சந்தேகித்துவிட்டோமோ என்று மனம் உறுத்துகிறது. — வாசகி, கும்பகோணம்

பதில்: உறுத்தல் வேண்டாம், அம்மா. உங்கள் மகள் செய்ததே சரி. படைவீரர் என்று சொல்லிக்கொண்டு பழைய பொருள் வாங்க வருவது நாடு முழுவதும் பல ஆண்டுகளாக நடந்துவரும் மோசடி. அதில் காட்டப்படும் அடையாள அட்டை போலியாகத் தயாரித்ததாக இருக்கும், அல்லது உண்மையான வீரர் எவரிடமிருந்தோ களவாடியதாக இருக்கும். சீருடையின் மீது நாம் வைத்திருக்கும் மரியாதைதான் அவர்களின் மூலதனம். தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருப்பது ஊரறிந்த செய்தி. ஆகவே கும்பகோணத்து விளம்பரத்துக்குத் தஞ்சாவூரைச் சொல்வார்கள், வேறு ஊரென்றால் அதற்கு அருகிலுள்ள முகாமைச் சொல்வார்கள். பணியில் இருப்பதால் நேரில் வர இயலாது, பொருளை எடுத்துச்செல்ல வண்டி அனுப்புகிறேன் என்ற அடுத்த வசனமும் அந்தக் கதைக்குள்ளேயே தயாராக இருக்கும்.

பணம் எப்படி வருகிறது என்பதைத் தெளிவாகத் தெரிந்துகொண்டால் இந்தக் கதைகளில் பாதி தானாகவே உதிர்ந்துவிடும். யு.பி.ஐ. முறையில் பணம் பெறுபவர் எந்த வேலையும் செய்ய வேண்டியதில்லை. டீக்கடையில் க்யூ.ஆர். அட்டையை வைத்திருப்பவர் கடைக்காரர், அதை ஸ்கேன் செய்பவர் டீ குடித்தவர். ஃபிரிட்ஜை விற்கும் நீங்கள் கடைக்காரரின் இடத்தில் இருக்கிறீர்கள். வாங்க வந்தவரோ உங்களை டீ குடித்தவரின் இடத்துக்குத் தள்ளப் பார்த்திருக்கிறார். ஸ்கேன் செய்திருந்தால் அடுத்து உங்கள் கைபேசியில் ரகசிய எண்ணைக் கேட்கும் பக்கம் திறந்திருக்கும். அந்தப் பக்கத்தின் மேற்பகுதியில் உங்கள் வங்கியின் பெயர், பணம் யாருக்குப் போகிறது, எவ்வளவு போகிறது என்பவை அச்சிட்டதுபோல் இருக்கும். மறுமுனையில் ஒருவர் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும்போது, அவசரத்தில் அதை யாரும் படிப்பதில்லை. அவர் ஓயாமல் பேசுவதும் அதற்காகவே. உங்கள் ரகசிய எண் பணம் அனுப்புவதற்கும் இருப்பைப் பார்ப்பதற்கும் மட்டுமே தேவை. பணம் பெறுவதற்கு எந்த நிலையிலும் அது தேவைப்படாது.

இதற்கு மசியாதவர்களிடம் வேறொரு கதை வரும். "எங்கள் ராணுவக் கணக்கு அப்படித்தான், நீங்கள் ஒரு ரூபாய் அனுப்பினால் இரண்டு ரூபாயாகத் திரும்பி வரும்" என்பார்கள். அனுப்பினால் உண்மையாகவே இரண்டு ரூபாய் வரும். நம்பிக்கை பிறந்ததும், "அதேபோல் 7,500 ரூபாய் அனுப்புங்கள், 15,000 ரூபாயாக வரும், பாதியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்" என்பார்கள். படைவீரர்களின் வங்கிக் கணக்குகளும் நம் கணக்குகளைப் போன்றவையே. அவற்றுக்கென்று தனிப் பரிவர்த்தனை முறை எதுவும் கிடையாது.

முன்பெல்லாம் தனிநபர் ஒருவர் இன்னொருவரின் செயலிக்கே "பணம் கொடு" என்று கோரிக்கை அனுப்ப முடிந்தது. அதைப் பணம் வருவதற்கான அறிவிப்பு என்று நினைத்து அழுத்தி ஏமாந்தவர்கள் ஏராளம். 2025 அக்டோபர் 1 முதல் தனிநபர்களுக்கிடையிலான இந்தக் கோரிக்கை வசதியை, யு.பி.ஐ. முறையை நடத்தும் இந்திய தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம் நிறுத்திவிட்டது. ஆனால் வணிகர்கள் அனுப்பும் கோரிக்கைகள் தொடர்கின்றன, க்யூ.ஆர். குறியீட்டுக்கும் தடை இல்லை. எனவே ஒரு வாசல் அடைபட்டது என்று சொல்லலாமே தவிர, வீடே பூட்டப்பட்டுவிட்டது என்று எண்ணிவிட வேண்டாம்.

நீங்கள் கொடுக்கக்கூடியவை எவை என்றும் சொல்லிவிடுகிறோம். உங்கள் யு.பி.ஐ. முகவரி, உங்கள் சொந்த க்யூ.ஆர். படம், தேவையென்றால் வங்கிக் கணக்கு எண்ணும் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடும். பணம் போடுவதற்கு இவையே போதும். ரகசிய எண், ஓ.டி.பி., ஏ.டி.எம். அட்டையின் பின்புறமுள்ள மூன்று இலக்கம் ஆகியவற்றைக் கேட்கிறவர் பணம் போட வந்தவர் அல்லர். கைபேசித் திரையைப் பகிரும் செயலியை இறக்கச் சொன்னாலும், வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே. கோப்பு (கைபேசியில் செயலியை நிறுவும் கோப்பு) ஒன்றை அனுப்பித் திறக்கச் சொன்னாலும் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் எங்களுக்கு முதலில் உறைத்தது, அவர் பேரம் பேசவே இல்லை என்பதுதான். பெரிய கடைத்தெருவில் ஒரு வெண்கலச் சொம்புக்கே மூன்று கடை ஏறி இறங்குகிற ஊரில், பழைய ஃபிரிட்ஜைத் திறந்துகூடப் பார்க்காமல், கம்ப்ரஸர் எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்காமல், கேட்ட விலைக்கு ஒருவர் ஒப்புக்கொள்வாரா?

கேள்வி: எழுது மேசை ஒன்றை 4,500 ரூபாய்க்கு விற்க ஒப்புக்கொண்டேன். வாங்குபவர், "தவறுதலாக ஒரு பூஜ்யம் கூடிவிட்டது, 45,000 ரூபாய் அனுப்பிவிட்டேன், மருத்துவமனைச் செலவுக்கு வைத்திருந்த பணம் சார், மீதி 40,500 ரூபாயை உடனே அனுப்புங்கள்" என்று அழுதார். 45,000 ரூபாய் வரவு வைக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தியும் வந்தது. வங்கியில் கேட்டால் அப்படி எதுவும் வரவில்லை என்கிறார்கள். ஒருவேளை உண்மையிலேயே வந்திருந்தால் நான் என்ன செய்திருக்க வேண்டும்? — ஓய்வுபெற்ற ஆசிரியர், மன்னார்குடி

பதில்: அனுப்புவதற்கு முன் வங்கியில் கேட்டீர்களே, அதுதான் உங்களைக் காத்தது. அந்தக் குறுஞ்செய்தி எந்த எண்ணிலிருந்து வந்தது என்று ஒருமுறை பாருங்கள். வங்கிகளின் செய்திகள் எழுத்துகளாலான சுருக்கப் பெயரிலிருந்து வரும். அந்தப் பெயரின் கடைசியில் இப்போது ஒரு ஆங்கில எழுத்தும் சேர்க்கப்படுகிறது. பரிவர்த்தனைச் செய்திக்கு டி, சேவைச் செய்திக்கு எஸ், விளம்பரத்துக்கு பி, அரசுச் செய்திக்கு ஜி என்பது வழக்கம். 10 இலக்கக் கைபேசி எண்ணிலிருந்து வரும் "வரவு" செய்தியை யாரோ தம் கைபேசியில் தட்டச்சு செய்து அனுப்பியிருக்கிறார் என்று கொள்ளலாம். எனினும் எழுத்தைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாமல், உங்கள் செயலியை நீங்களே திறந்து இருப்பைப் பாருங்கள், அல்லது பாஸ்புத்தகத்தில் பதிவு செய்து வாங்குங்கள்.

உங்கள் இரண்டாவது கேள்வி முக்கியமானது. பணம் உண்மையாகவே வந்திருந்தாலும் நீங்களாகத் திருப்பி அனுப்பக் கூடாது. அந்த 45,000 ரூபாய் வேறொருவரிடம் திருடிய பணமாக இருக்கக்கூடும். பறிகொடுத்தவர் புகார் கொடுத்ததும், பணம் போன வழியைத் தொடர்ந்து வரும் காவல் துறையும் வங்கியும் உங்கள் கணக்கில் வந்து நிற்பார்கள். உங்கள் ஓய்வூதியம் வரும் கணக்கு முடக்கப்படலாம். அதற்குள் நீங்கள் 40,500 ரூபாயை "மைத்துனர் கணக்கு" என்றோ வேறெதுவோ சொல்லி அவர் கொடுக்கும் வேறொரு கணக்குக்கு அனுப்பியிருந்தால், திருட்டுப் பணத்தைக் கைமாற்றிவிட்டவர் நீங்கள் என்று ஆகிவிடும். உங்கள் கிளைக்குச் சென்று எழுத்து மூலம் தெரிவித்து, அந்தப் பணத்தைத் தொடாமல் இருங்கள். உண்மையாகவே தவறுதலாக அனுப்பியவராக இருந்தால் அவர் தம் வங்கியில் முறையிட வேண்டும். அந்த வங்கி உங்கள் வங்கியைக் கேட்கும், உங்கள் ஒப்புதலுடன் பணம் வந்த வழியிலேயே திரும்பும். சில நாள் தாமதம் ஆகும் என்பதைத் தவிர அவருக்கு இழப்பில்லை. அழுகுரலைக் கேட்டு இரங்குவது நல்ல குணம்தான், ஆனால் வங்கி மூலமாக இரங்குங்கள்.

கேள்வி: என் டி.வி.எஸ். மொபெட்டை 28,000 ரூபாய்க்கு விளம்பரம் செய்தேன். வெளியூரிலிருந்து பேசிய ஒருவர், "என் மச்சான் வந்து வண்டியைப் பார்ப்பார், அவருக்கு நான் கொடுக்க வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது, அதனால் அவரிடம் விலையைப் பற்றிப் பேசாதீர்கள், பணத்தை நான் போட்டுவிடுகிறேன்" என்றார். வந்தவரும் வண்டியைப் பார்த்துப் பிடித்திருக்கிறது என்றார். பிறகு திடீரென்று, பணம் கொடுத்துவிட்டேன், சாவியைக் கொடுங்கள் என்று சண்டை பிடித்தார். எனக்கு ஒரு ரூபாயும் வரவில்லை. யார் பொய் சொல்கிறார்? — விவசாயி, திருவாரூர் மாவட்டம்

பதில்: உங்கள் வீட்டு வாசலில் நின்ற இருவருமே பொய் சொல்லவில்லை என்பதுதான் இந்த மோசடியின் கெட்டிக்காரத்தனம். தொலைபேசியில் பேசியவர், உங்கள் விளம்பரத்திலிருந்த படங்களை எடுத்துத் தம் பெயரில் இன்னொரு விளம்பரம் போட்டிருப்பார். நீங்கள் 28,000 சொன்ன வண்டிக்கு அவர் 18,000 சொல்லியிருப்பார். மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒருவர் மாட்டியதும், "வண்டி என் மாமா வீட்டில் இருக்கிறது, போய்ப் பாருங்கள், அவரிடம் விலை பேச வேண்டாம், அவருக்கு நான் குறைத்துக் கொடுப்பது தெரியாது" என்று அவரை உங்களிடம் அனுப்பியிருப்பார். உங்களுக்கு அவர் மச்சான், அவருக்கு நீங்கள் மாமா. உண்மையில் நீங்கள் இருவரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். வண்டி கண்ணெதிரே நின்றதால் வந்தவர் நம்பிப் பணத்தைத் தொலைபேசிக்காரருக்கு அனுப்பிவிட்டார். பணம் இழந்தவர் அவர், வம்பில் மாட்டியவர் நீங்கள்.

"விலையைப் பற்றிப் பேசாதீர்கள்" என்ற அந்த ஒரு நிபந்தனையில்தான் முழு மோசடியும் தொங்கிக்கொண்டிருக்கிறது. நடுவில் இருப்பவருக்கு அது அத்தியாவசியம். உங்களுக்கோ வந்தவருக்கோ அதனால் எந்தப் பயனும் இல்லை. வண்டியைப் பார்க்க வருகிறவரைத் திண்ணையில் உட்கார வைத்து, மோர் கொடுத்த கையோடு, "எவ்வளவுக்குப் பேசியிருக்கிறீர்கள், யாருக்குப் பணம் கொடுக்கப் போகிறீர்கள்?" என்று கேட்டுவிடுங்கள். இரண்டு கேள்வியில் குட்டு வெளிப்பட்டுவிடும். பணம் யார் கணக்கிலிருந்து வருகிறதோ, வண்டியை எடுக்க வருபவரும் ஆவணத்தில் கையெழுத்திடுபவரும் அவராகவே இருக்கட்டும். இப்போது உங்களிடம் சண்டை பிடித்தவரைப் பகைத்துக்கொள்ளாமல், அவரையும் அழைத்துக்கொண்டு காவல் நிலையம் செல்லுங்கள். தொலைபேசிக்காரரின் எண்ணும் அவர் கொடுத்த கணக்கு விவரமும் சேர்ந்தால்தான் புகார் முழுமை பெறும்.

வண்டி என்பதால் இன்னும் இரண்டு செய்திகள். ஓட்டிப் பார்க்கிறேன் என்பவரின் உரிமத்தைப் படம் எடுத்துக்கொண்டு, நீங்களோ உங்கள் பிள்ளையோ பின்னால் ஏறி உட்காருங்கள். அடுத்தது, விற்றதோடு கைகழுவிவிடாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆம் பிரிவின்படி, மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டியது விற்றவரின் கடமை. உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி, பெயர் மாற்றம் முடிந்ததா என்று பாருங்கள். ஆர்.சி. புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பாகும் உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது. வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடும் பழக்கம் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது; அதை விட்டுவிட வேண்டும்.

கேள்வி: நாங்கள் நெய்யும் பட்டுச் சேலைகளை வாட்ஸ்அப் மூலம் நேரடியாக விற்கத் தொடங்கியிருக்கிறோம். பணம் அனுப்பிவிட்டதாக ஸ்கிரீன்ஷாட் அனுப்புகிறார்கள், கணக்கில் வரவில்லை என்றால் சர்வர் கோளாறு என்கிறார்கள். ஒருவர் நாங்கள் அனுப்பிய சேலையை வைத்துக்கொண்டு வேறு சேலையைத் திருப்பி அனுப்பிவிட்டார். — நெசவாளர் குடும்பம், திருபுவனம்

பதில்: ஸ்கிரீன்ஷாட்டை ரசீதாக எண்ணவே கூடாது. புகழ்பெற்ற பணச் செயலிகளின் தோற்றத்தில், பெயரும் தொகையும் இட்டால் "வெற்றி" என்று பச்சை நிறத்தில் காட்டும் போலிச் செயலிகள் புழக்கத்தில் இருக்கின்றன. சர்வர் கோளாறு உண்மையாகவே ஏற்படுவதுண்டு. அப்போது பணம் சிறிது நேரத்தில் உங்களுக்கு வரும், இல்லையேல் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். இரண்டில் எது நடந்தாலும் சேலை உங்கள் வீட்டில் இருப்பதால் யாருக்கும் நட்டமில்லை. முகூர்த்தம் நாளைக் காலை என்று எவ்வளவு அவசரப்படுத்தினாலும், கணக்கில் வரவு தெரிந்த பின்பே கூரியர் அலுவலகத்துக்குக் கிளம்புங்கள்.

சேலையை மாற்றி அனுப்பியது வேறு வகை. தறியிலிருந்து இறக்கியவருக்குத் தம் சேலையை ஆயிரத்தில் ஒன்றாக அடையாளம் தெரியும், ஆனால் புகாரை விசாரிக்கிறவருக்குத் தெரியாது. ஆகவே ஒவ்வொரு சேலையையும் கட்டுவதற்கு முன், முந்தானை, பார்டர், ஊடு நிறம் ஆகியவை தெரியும்படி விரித்து, சில்க் மார்க் (தூய பட்டு என்பதற்கான) முத்திரைச் சீட்டிலுள்ள எண்ணும் எடைபார்க்கும் கருவியின் திரையும் விழும்படி, முகவரி ஒட்டி மூடுவது வரை வெட்டில்லாத ஒரே காணொளியாக எடுத்து வையுங்கள். பார்சலைப் பிரிக்கும்போது அவர்களும் காணொளி எடுத்தால்தான் திரும்பப் பெறுவோம் என்பதை விலை சொல்லும்போதே எழுதி அனுப்பிவிடுங்கள். பின்னால் சொன்னால் தகராறு. திரும்பி வந்த பார்சலையும் கூரியர் ஊழியர் முன்னிலையில் காணொளி எடுத்துக்கொண்டே பிரியுங்கள். முன்பின் தெரியாதவருக்கு, முதல் விற்பனையிலேயே, பொருள் கிடைத்த பின் பணம் என்ற ஏற்பாட்டில் விலையுயர்ந்த சேலையை அனுப்புவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். திருபுவனம் பட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தப் பெயருக்காகவே முன்பணம் கட்டி வாங்குபவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: தாத்தா காலத்துத் தஞ்சாவூர் ஓவியம் ஒன்றை லண்டனிலிருந்து ஒருவர் பெருந்தொகைக்குக் கேட்கிறார். பணம் அனுப்பிவிட்டதாக மின்னஞ்சல் வந்திருக்கிறது, ஆனால் "அந்நியச் செலாவணிக் கட்டணம்" 9,000 ரூபாயை நான் கட்டினால்தான் விடுவிப்பார்களாம். — வாசகர், தஞ்சாவூர்

பதில்: கட்ட வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வரும் தொகைக்கு வங்கி ஏதேனும் கட்டணம் எடுப்பதானால் வந்த தொகையிலிருந்தே கழித்துக்கொள்ளும். முன்கூட்டித் தனியாகக் கட்டச் சொல்லாது. 9,000 கட்டினால் அடுத்து வரி, அதற்கடுத்து காப்பீடு என்று வளரும்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டம், 1972-இன்படி 100 ஆண்டுக்குக் குறையாத பழமையுடைய ஓவியமும் சிற்பமும் தொல்பொருளாகும். அதைத் தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்புவது குற்றம். தாத்தா காலம் என்கிறீர்கள். எத்தனை ஆண்டு என்று உறுதியாகத் தெரியாத நிலையில், தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் பெறாமல் வெளிநாட்டவரிடம் பேச்சே வைத்துக்கொள்ள வேண்டாம். இப்போதே அவரிடம் படங்களை அனுப்பியிருப்பீர்கள். நாளை சுங்க அதிகாரி என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வீடியோ அழைப்பில் மிரட்டினால் பயந்து பணம் அனுப்பிவிடாதீர்கள். வீடியோ அழைப்பில் கைது செய்யும் வழக்கம் நம் சட்டத்தில் இல்லை.

கேள்வி: டிராக்டர் படம் போட்ட பழைய ஐந்து ரூபாய் நோட்டை இரண்டு லட்சத்துக்கு வாங்குகிறோம் என்கிறார்கள். பதிவுக் கட்டணம் 1,250 ரூபாய் கேட்கிறார்கள். — வாசகர், மயிலாடுதுறை

பதில்: நோட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், 1,250 ரூபாயையும் சேர்த்து. பழைய நோட்டு, நாணய விற்பனையில் தங்கள் பெயரைச் சொல்லிக் கட்டணமோ கமிஷனோ கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் அறிவித்திருக்கிறது.

கேள்வி: தேக்குக் கட்டிலை 12,000 ரூபாய்க்கு விற்கப்போய், க்யூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்து அந்தத் தொகையை இழந்தேன். திருப்பித் தருகிறேன் என்று சொல்லி மறுபடியும் இரண்டு முறை ஸ்கேன் செய்ய வைத்தார். மொத்தம் 36,000 ரூபாய் போய்விட்டது. வெட்கத்தால் நான்கு நாள் வீட்டில்கூடச் சொல்லவில்லை. இனி ஏதாவது செய்ய முடியுமா? — வாசகர், நாகப்பட்டினம்

பதில்: முடியும், இன்றே செய்யுங்கள். 1930 என்ற தேசிய உதவி எண்ணை அழையுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்யலாம். மூன்று பரிவர்த்தனைகளுக்கும் உரிய 12 இலக்கக் குறிப்பு எண், தேதி, நேரம், தொகை, உங்கள் வங்கியின் பெயர், அந்த நபரின் கைபேசி எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு அழைத்தால் ஒரே அழைப்பில் வேலை முடியும். புகார் பதிவானதும் பணம் சென்ற வங்கிக்குத் தகவல் போகும். பணம் அங்கே இன்னும் எடுக்கப்படாமல் இருந்தால் நிறுத்தி வைக்கப்படும். முதல் ஒரு மணி நேரத்தில் சொல்வதற்கும் நான்காம் நாள் சொல்வதற்கும் பெரிய வேறுபாடு உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. இத்தகைய பணம் ஒரு கணக்கில் தங்குவதில்லை, சில நிமிடங்களில் பல கணக்குகளுக்குப் பிரிந்துவிடும். ஆயினும் கடைசிக் கணக்கில் ஒரு பகுதி சிக்கிக் கிடப்பதுண்டு. அப்படி நிறுத்தப்பட்ட தொகையை மீட்க நீதிமன்ற ஆணை தேவைப்படலாம்; அதற்குப் புகாரின் ஒப்புகை எண் வேண்டும்.

பிறகு உங்கள் வங்கிக் கிளையில் எழுத்து மூலம் புகார் கொடுத்து, தேதியிட்ட முத்திரையுடன் நகல் வாங்குங்கள். மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ரிசர்வ் வங்கியின் 2017-ஆம் ஆண்டு விதியில் அப்படி ஒரு பாதுகாப்பு இருப்பது உண்மைதான். ஆனால் வாடிக்கையாளரின் பங்கில்லாமல் நடந்த திருட்டுக்கே அது பொருந்தும். ரகசிய எண்ணை நீங்களே இட்டிருப்பதால் அதுவரை ஏற்பட்ட இழப்பை வங்கி ஏற்காது என்று சொல்ல இடமிருக்கிறது. நீங்கள் தெரிவித்த பிறகு ஏற்படும் இழப்பு வங்கியைச் சேரும். 30 நாளில் வங்கியின் பதில் வராவிட்டாலும், வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

காவல் துறையில், மாவட்டத்தின் சைபர் குற்றக் காவல் நிலையத்தை அணுகுங்கள். குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் ஏமாற்றுக் குற்றத்துக்கான 318-ஆம் பிரிவும், கணினி வழி ஆள்மாறாட்ட மோசடிக்கான தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவும் இதற்குப் பொருந்தும். பின்னதில் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. வாட்ஸ்அப் உரையாடலை ஆத்திரத்தில் அழித்துவிடாதீர்கள், அதுதான் உங்கள் சாட்சி.

இனி உங்களுக்கு ஒரு அழைப்பு வரக்கூடும். சைபர் பிரிவு அதிகாரி என்றோ வழக்கறிஞர் என்றோ சொல்லிக்கொண்டு, உங்கள் 36,000 ரூபாய் கிடைத்துவிட்டது, பதிவுச் செலவுக்கு 2,000 அனுப்புங்கள் என்பார். ஒருமுறை ஏமாந்தவரின் எண் இந்தக் கும்பல்களிடையே கைமாறும். 1930-இலிருந்தோ காவல் நிலையத்திலிருந்தோ எவரும் பணம் கேட்க மாட்டார்கள். வங்கியின் வாடிக்கையாளர் சேவை எண்ணையும் கூகுளில் தேடி எடுக்காமல், பாஸ்புத்தகத்திலோ ஏ.டி.எம். அட்டையின் பின்புறத்திலோ இருப்பதைப் பயன்படுத்துங்கள்.

கட்டில் இன்னும் உங்களிடம்தானே இருக்கிறது. பழைய விளம்பரத்தை நீக்கிவிட்டு, வங்கிக் கணக்கோடு இணைக்காத வேறொரு கைபேசி எண்ணைக் கொடுத்து மறுபடியும் போடுங்கள். நேரில் வந்து பார்ப்பவருக்கு மட்டும், ரொக்கமாகவோ உங்கள் க்யூ.ஆர். படத்தை அவர் ஸ்கேன் செய்தோ பணம் கொடுத்தால் மட்டும் என்பதை விளம்பரத்தின் முதல் வரியாகவே எழுதுங்கள். வேளாங்கண்ணி, திருவாரூர் வரை வண்டி வைத்து எடுத்துப்போக ஆள் வருவார்கள்; நல்ல தேக்குக்கு நம் பக்கத்தில் எப்போதும் கிராக்கி உண்டு.